இரண்டு அழுத்தங்களுக்கு இடையே ஒரு நரம்பு



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் கண்ணைப் பற்றிப் பேசுமாறு பணிக்கப்பட்டவன் கையில் கட்டும் பட்டையையும் இரத்த அழுத்த மாத்திரையையும் பற்றிப் பேச்சைத் தொடங்கினால் அவையோருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும், கிளாக்கோமா என்று மருத்துவர்களும், கண் பிரஷர் என்று பொதுமக்களும் வழங்குகிற அந்த நோயை, உடம்பெங்கும் ஓடுகிற இரத்தத்தின் கதியிலிருந்து பிரித்துக் கண்ணளவில் மட்டும் வைத்துப் பார்த்த காலம் கழிந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். அதை எடுத்துரைக்க பெரம்பலூர், அரியலூர் ஆகிய இவ்விரண்டு மாவட்டங்களையும்விடப் பொருத்தமான இடம் எனக்குத் தோன்றவில்லை. 2021 ஆம் ஆண்டு ஆகஸ்டு 5 ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டம் இங்கும் வேரூன்றி, வேப்பந்தட்டைப் பக்கத்து மக்காச்சோளக் காட்டுக்காரரும், சின்ன வெங்காயம் ஆய்கின்ற மூதாட்டியும், செந்துறைப் பக்கத்து முந்திரித் தோப்புக் காவற்காரரும் தத்தம் வீட்டுத் திண்ணையிலேயே இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டு, மாத்திரையையும் பெற்றுக்கொள்ளுகிற நிலை இன்று வந்திருக்கிறது. பக்கவாதத்தையும் மாரடைப்பையும் தடுப்பதற்கு இதைக் காட்டிலும் சிறந்த ஏற்பாடு கிராமத்துக்கு அமைவது அருமை. அந்த ஏற்பாட்டைக் குறை கூறுவது என் நோக்கமன்று. திண்ணையில் அமர்ந்து கையை நீட்டுகிறவருக்கு இரண்டு கண்களும் இருக்கின்றன என்பதை நினைவூட்டுவதே நோக்கம்.

மருத்துவ வரலாற்றில் 1905 ஒரு விசேஷமான ஆண்டு. ருஷிய நாட்டு அறுவை மருத்துவர் நிக்கொலாய் கொரோட்காவ், மேற்கையில் கட்டிய பட்டையின் கீழே ஒலிமானியை வைத்துக் கேட்டு, இரத்த அழுத்தத்தின் மேல் அளவையும் கீழ் அளவையும் அறியும் முறையை அறிவித்தது அவ்வாண்டில். கண்ணின் மேல் ஒரு சிறு கருவியை மெல்ல வைத்துக் கண்ணழுத்தத்தை எண்ணால் அளக்கலாம் என்று நார்வே நாட்டு ஹியால்மர் ஷியோட்ஸ் காட்டியதும் அதே ஆண்டில்தான். அதற்கு முன்பெல்லாம், மூடிய இமையின்மேல் இரு விரல்களை வைத்து அழுத்திப் பார்த்து, கண் கல்லைப்போல் இருக்கிறதா இல்லையா என்று அனுமானிப்பதே வழக்கம். இரு கருவிகளும் இரட்டைக் குழந்தைகளாய்ப் பிறந்தும், ஒன்று பொது மருத்துவரின் மேஜைக்கும் மற்றொன்று கண் மருத்துவரின் மேஜைக்குமாகப் பிரிந்து போய், அவை காட்டிய எண்களை ஒரே தாளில் சேர்த்து எழுதிப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நெடுங்காலம் யாருக்கும் உறுதியாகத் தோன்றவில்லை.

கண் மருத்துவர்களின் சிந்தை முழுவதும் கண்ணழுத்தத்தைக் குறைப்பதிலேயே நிலைத்திருந்ததற்கு நியாயம் உண்டு. அந்த நியாயத்தில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. 1819 ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பெற்ற எழும்பூர்க் கண் மருத்துவமனையின் தலைவராக இருந்த இராபர்ட் ஹென்றி எலியட் என்பவர், கருவிழியின் ஓரத்திலே நுண்ணிய வட்டத் துளையொன்றை இட்டு, உள்ளே தேங்கிய நீர் கசிந்து வெளியேற வழி செய்யும் அறுவை முறையை 1909 ஆம் ஆண்டில் கையாளத் தொடங்கினார். தொலைதூரக் கிராமத்திலிருந்து கட்டைவண்டியில் வந்து, ஒருமுறை போனால் மீண்டும் வருவாரோ மாட்டாரோ என்ற நிலையில் இருந்த நோயாளிகளே அவருடைய நோயாளிகள். தமிழ் மக்களின் கண்களில் பரீட்சித்துத் தெளிந்த அந்தச் சிகிச்சை உலகமெங்கும் பரவிப் பல பத்தாண்டுகள் வழக்கில் இருந்து, 1968 இல் கெய்ர்ன்ஸ் என்ற மருத்துவர் வகுத்த புதிய முறைக்கு இடம் கொடுத்து விலகியது. எழும்பூர் வளாகத்தில் எலியட்டின் பெயரால் ஒரு காட்சிச்சாலை இருக்கிறது. சென்னைக்குச் செல்லும் அன்பர்கள் அதைக் காண வேண்டும்.

அழுத்தத்தைக் குறைத்தால் நோய் அடங்குகிறது என்பது மெய். எனினும், அழுத்தம் நன்றாகக் குறைந்த பிறகும் சிலருக்குப் பார்வை நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போவதையும், அழுத்தமே ஏறாத சிலருக்குப் பார்வை நரம்பு குழி விழுந்து கிடப்பதையும் அனுபவமுள்ள மருத்துவர்கள் கண்டார்கள். ஜெர்மானியராகிய ஆல்பிரெக்ட் ஃபான் கிரேஃபே 1857 ஆம் ஆண்டிலேயே இத்தகைய நோயாளிகளை விவரித்திருக்கிறார். இது விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடக் கூடியதுமன்று. சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களின் கிராமங்களிலும் சென்னை நகரிலும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நடத்திய சென்னை கிளாக்கோமா ஆய்வில், கண்ணின் உள்நீர் வடியும் மூலை அடைபடாமலே வருகிற திறந்த கோண வகை நோய் கண்ட கிராமத்தாரில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சோதித்த வேளையில் கண்ணழுத்தம் இயல்பான எல்லைக்குள்ளேயே இருந்தது. ஆகவே, நரம்பைக் கெடுப்பது கண்ணின் அழுத்தம் மட்டுமன்று. அதனோடு கூடிய வேறொன்றும் உண்டு. அது யாது?

கண்ணுக்குள் நிமிஷத்துக்கு இரண்டு அல்லது இரண்டரை மைக்ரோலிட்டர் அளவில் தெளிந்த நீர் ஊறிக்கொண்டிருக்கிறது. அழுகையில் வழியும் கண்ணீர் வேறு, இது வேறு. கருவிழிக்குப் பின்னேயுள்ள வளையம் போன்ற திசுவில், இரத்தத்திலிருந்தே வடித்தெடுக்கப்பட்டு, கண்மணி வழியாக முன்னறைக்கு வந்து, ஓரத்திலுள்ள நுண்வலைத் திசுவினூடே ஷ்லெம் கால்வாயை அடைந்து, சிறு சிரைகளின் வழியாக மீண்டும் இரத்தத்திலேயே கலந்துவிடுகிறது. வரவும் செலவும் ஒத்திருக்கும்வரை அழுத்தம் 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரச அளவுக்குள் நிற்கும். நீர் பிறப்பது இரத்தத்தில், போய்ச் சேருவதும் இரத்தத்தில் என்றால், இரத்தத்தின் அழுத்தம் ஏறும்போது கண்ணின் அழுத்தமும் அப்படியே ஏறவேண்டுமல்லவா என்று கேட்கத் தோன்றும். "டாக்டர், எனக்கு பிரஷர் நார்மல், அப்புறம் கண்ணுல எப்படி பிரஷர் வரும்?" என்று கேட்காத நோயாளியே இல்லை. பல நாடுகளில் ஆயிரக்கணக்கானோரை அளந்து கண்ட முடிவு இது: இரத்த அழுத்தத்தின் மேல் அளவு 10 மில்லிமீட்டர் உயர்ந்தால் கண்ணழுத்தம் சராசரியாகக் கால் மில்லிமீட்டர் உயர்கிறது. அதாவது, மேல் அளவு 140 இலிருந்து 180 க்குத் தாவினாலும் கண்ணில் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் கூடும். சிறிதளவு உறவு இருப்பது மெய். ஆனால் ஒன்றைப் பார்த்து மற்றதை ஊகிக்க அது போதாது. பிரஷர் மாத்திரையை விழுங்குவதால் கண்ணழுத்தம் அடங்கிவிடும் என்றிருப்பவர் ஏமாந்து போவார்.

மெய்யான சம்பந்தம் வேறிடத்தில் இருக்கிறது. அதை விளக்குவதற்கு நம் ஊர் நீரையே துணைக்கொள்கிறேன். புள்ளம்பாடி வாய்க்காலின் தண்ணீர் கரைவெட்டி ஏரிக்குள் பாய்கிறது என்றால், வாய்க்காலின் மட்டம் ஏரியின் மட்டத்தைவிட உயர்ந்திருக்கிறது என்பது பொருள். வாய்க்கால் இறங்கினாலும் பாய்ச்சல் தளரும். ஏரி ஏறினாலும் தளரும். இரண்டும் ஒருங்கே நேர்ந்தால் மதகைத் திறந்து வைத்தும் பயனில்லை. கண்ணுக்குள் நுழையும் இரத்தத்தின் நிலைமையும் இதுவே. உள்ளே தள்ளுவது இரத்த அழுத்தம். எதிர்த்து நிற்பது கண்ணழுத்தம். இரண்டிற்கும் இடையிலுள்ள வித்தியாசந்தான், ஏறத்தாழ 12 லட்சம் இழைகள் ஒன்றுகூடிக் கண்ணைவிட்டு வெளியேறுகிற அந்தச் சிறு வட்டத்துக்கு, பார்வை நரம்பின் தலைக்கு, உணவளிக்கிறது.

எண்களால் சொன்னால் இன்னும் தெளிவாகும். பகலில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு இரத்த அழுத்தத்தின் கீழ் அளவு 80, கண்ணழுத்தம் 16 என்றால் வித்தியாசம் 64, நரம்புக்குக் குறையொன்றுமில்லை. அதே மனிதர் இரவிலே படுத்துறங்குகிறார். உறக்கத்தில் இரத்த அழுத்தம் 10 முதல் 20 சதவீதம் வரை தாழ்வது இயற்கை. சிலருக்கு அதனினும் மிகுதியாகத் தாழும். படுக்கப் போகும்போது வலிமையான மாத்திரை ஒன்றையும் விழுங்கியிருந்தால் கீழ் அளவு 52 க்கு வந்து நிற்கலாம். மறுபுறம், படுத்த நிலையில் தலைப்பக்கத்துச் சிரைகளில் இரத்தம் நிறைவதால் கண்ணிலிருந்து நீர் வடிவது தடைப்பட்டு, கண்ணழுத்தம் பகலைவிட மேலேறுகிறது. நோயுற்ற கண்ணில் அது 24 ஐ எட்டுவது அரிதன்று. வித்தியாசம் இப்போது 28. பகலிலே மருத்துவமனைக்கு வந்து இரண்டையும் அளந்துகொண்ட அந்த மனிதருக்கு இரண்டுமே திருப்திகரம் என்று சீட்டெழுதிக் கொடுத்திருப்பார்கள். அவருடைய நரம்பு பசித்துக் கிடப்பதோ அதிகாலை மூன்று மணிக்கு.

இரவின் இந்த அபாயத்தை உலகின் கவனத்துக்குக் கொண்டு வந்தவர்களுள் முதன்மையானவர் நம் நாட்டவர் என்பதைச் சொல்லாமல் விடலாகாது. பஞ்சாபில் 1927 ஆம் ஆண்டு பிறந்து, இங்கிலாந்திலும் பின்னர் அமெரிக்காவின் அயோவாப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய சோஹன் சிங் ஹேரே, பார்வை நரம்பின் தலைக்கு இரத்தம் எந்த நாளங்களின் வழியாக வருகிறது என்பதை ஆராய்வதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். நோயாளிகளின் கையில் இரவு பகலாக அளக்கும் கருவியைக் கட்டிவிட்டு, உறக்கத்தில் இரத்த அழுத்தம் எவ்வளவு தாழ்கிறது என்று கண்டறிந்து அவர் 1994 இல் வெளியிட்ட ஆராய்ச்சி, கண் மருத்துவர்களை இரவைப் பற்றி நினைக்க வைத்தது. இரத்த அழுத்த மாத்திரையைப் படுக்கும் வேளையில் கொடுக்காதீர்கள் என்று அவர் சளைக்காமல் எழுதி வந்தார். அவர் வற்புறுத்திய அளவுக்கு எல்லோரும் இன்றளவும் உடன்படவில்லை. ஆனால் அவருக்குப் பின் அந்தக் கேள்வியை யாரும் புறக்கணிக்கவும் இயலவில்லை.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நடத்தி 1995 இல் வெளியிட்ட ஆய்வொன்று, கீழ் அளவிலிருந்து கண்ணழுத்தத்தைக் கழித்து வரும் எண் 30 க்கும் கீழே போனவர்களிடம் இந்நோய் ஏறத்தாழ ஆறு மடங்கு மிகுந்திருந்ததைக் காட்டியது. அதே ஆய்வில் மற்றொரு சுவையான செய்தியும் வெளிப்பட்டது. வயது குறைந்தவர்களுக்கு இரத்த அழுத்தம் சற்று மிகுந்திருப்பது நரம்புக்குப் பாதுகாப்பாக இருப்பது போலவும், எழுபதைத் தாண்டியவர்களுக்கு அதே மிகுதி கேடாக முடிவது போலவும் தென்பட்டது. தொடக்கத்தில் மிகுந்த அழுத்தம் இரத்தத்தை வலிந்து உட்செலுத்துகிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல நாளங்களின் சுவர் தடித்து, தேவைக்கேற்ப விரியவும் சுருங்கவும் வேண்டிய இயல்பு மங்கி, தள்ளுவிசை இருந்தும் வழி குறுகிவிடுகிறது என்று இதற்குக் காரணம் கற்பிக்கிறார்கள். கிரேக்க நாட்டுத் தெசலோனிக்கி ஆய்வு இன்னுமொரு படி சென்றது: கிளாக்கோமா இல்லாதவர்களிடையேயும், மாத்திரையினால் கீழ் அளவு 90 க்குக் கீழ் இறக்கப்பட்டவர்களின் நரம்புத் தலைக்குழி, மாத்திரையின்றி இயல்பாகவே அந்த அளவில் இருந்தவர்களுடையதைவிடச் சற்றுப் பெரிதாக இருந்ததை அது குறித்தது. 2023 இல் பிரிட்டனில் பெருந்திரளான மக்களின் பதிவுகளைக் கொண்டு எழுதப்பட்ட கட்டுரையில், அம்லோடிபின் முதலான கால்சிய வழி தடுக்கும் மாத்திரைகளை உட்கொள்பவரிடம் கிளாக்கோமா சற்றே மிகுதியாகக் காணப்பட்டது. கண்ணழுத்தம் மட்டும் அதற்கேற்பக் கூடியிருக்கவில்லை.

இவையெல்லாம் இரண்டு சங்கதிகள் சேர்ந்து காணப்பட்டன என்பதற்குப் பிரமாணமே தவிர, ஒன்று மற்றொன்றைப் பிறப்பித்தது என்பதற்குத் தீர்ப்பாகா. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இப்பேச்சைக் கேட்டு வீட்டுக்குப் போய், அம்லோடிபின் அட்டையை எடுத்துக் குப்பையில் எறிகிறவர் ஒருவர் இருந்தாலும், இந்த அறக்கட்டளை நன்மைக்குப் பதில் தீமையைச் செய்ததாக முடியும். கட்டுப்படாத இரத்த அழுத்தம் மூளை, இதயம், சிறுநீரகம் ஆகிய மூன்றையும் கெடுப்பதோடு, விழித்திரையையும் கெடுக்கும். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் மிகுந்திருக்கிறது. அவர்களில் கட்டுக்குள் வைத்திருப்பவரோ மிகச் சிலர். நம் ஊரில் பெரிய குறை மாத்திரை மிகுந்து போனதன்று, மாத்திரையை விட்டுவிடுவதே.

கேட்க வேண்டிய கேள்வி மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதன்று. எவ்வளவு, எந்த வேளையில் என்பது. இதில் நமக்கு அனுகூலமான செய்தி ஒன்று 2022 இல் வந்தது. பிரிட்டனில் 21,000 க்கும் மேற்பட்டோரைக் கொண்டு, காலையில் மாத்திரை உட்கொள்வோரையும் இரவில் உட்கொள்வோரையும் ஆண்டுக்கணக்கில் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுப்பதில் இரு வேளைகளுக்கும் வேற்றுமை இல்லை என்று கண்டார்கள். இதயத்துக்கு எந்த வேளையும் ஒன்றே என்றால், கண் நரம்பு நலிந்த நோயாளிக்கு இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றுவதில் மருத்துவருக்கு என்ன தயக்கம் இருக்க முடியும்? செலவில்லாத சிகிச்சை இது. ஆனால் அதை நோயாளி தாமே செய்துகொள்ளாமல், மாத்திரை எழுதிய மருத்துவரே செய்ய வேண்டும். அதற்கு, நோயாளிக்குக் கிளாக்கோமா இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கேதான் மஞ்சப்பையின் மகிமையைச் சொல்லத் தோன்றுகிறது. கண் மருத்துவமனைக்கு வருகிற பெரியவரிடம், என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால், 'வெள்ளையா சின்னதா ஒண்ணு' என்பார். பையைக் கொண்டு வரச் சொல்லி மேஜைமேல் கவிழ்த்தால் கதை முழுவதும் வெளிப்படும்: சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த அட்டின்லால் அட்டையின் பின்புறம் பேனாவினால் 'கா 1' என்று எழுதியிருக்கும்; தனியார் மருத்துவர் தந்த அதே இனத்து மாத்திரை வேறு பெயரில் 'இர 1' என்றிருக்கும்; மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய ஸ்டெராய்டு மாத்திரை தனியே ஒரு தாளில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். இந்தக் கடைசிப் பொருள் கண்ணழுத்தத்தை ஏற்றவல்லது. அட்டின்லாலோ கண்ணழுத்தத்தைச் சிறிது இறக்கவும் செய்யும். ஆகவே பரிசோதனையில் எண் குறைவாகத் தெரிந்து, நோய் மறைந்து நிற்கவும் இடமுண்டு.

கண்ணிலிருந்து உடம்புக்குப் போகும் வழியும் மறக்கத்தக்கதன்று. டிமோலால் என்ற சொட்டு மருந்து நெடுநாளாக வழக்கில் உள்ளது, மலிவானது, நன்றாக வேலை செய்வது. கண்ணில் விட்ட சொட்டு, கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி, அங்கிருந்து நேரே இரத்தத்தில் கலந்து, நாடித் துடிப்பைத் தளர்த்தி இரத்த அழுத்தத்தைத் தாழ்த்தும். ஆஸ்துமாக்காரருக்கு மூச்சை அடைக்கும். அட்டின்லாலும் அதுவும் ஒரே குலம். இரவில் கண் நீர் ஊறுவதே பாதியாகக் குறைந்துவிடுகிற காரணத்தால், அந்நேரத்தில் டிமோலால் செய்யக்கூடியது சொற்பம். தாழ்ந்த இரத்த அழுத்தத்தை இன்னும் தாழ்த்துவதே மிச்சம். காலையில் விடுவது நலம். விட்டபின் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய கண்ணோரத்தைச் சுட்டுவிரலால் இரண்டு நிமிஷம் மெல்ல அழுத்திக்கொண்டிருந்தால் மருந்து கண்ணிலேயே தங்கும். சொட்டு மருந்து எழுதிக்கொடுக்கிறவர்களில் எத்தனை பேர் இந்த இரண்டு நிமிஷத்தைக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதை நான் கேட்கப் போவதில்லை.

உடலுழைப்பைப் பற்றிப் பலர் வினவுவதுண்டு. கல்குவாரியில் பாறாங்கல்லைப் புரட்டுவோரும், அரியலூர்ச் சிமெண்டு ஆலைகளின் மூட்டைகளை முதுகில் ஏற்றுவோரும் மூச்சை அடக்கி முக்கும்போது சிரைகளில் இரத்தம் தேங்கிக் கண்ணழுத்தம் சட்டென்று உயர்ந்து, மூட்டை இறங்கியதும் தணிகிறது. ஆரோக்கியமான கண்ணுக்கு இதனால் கேடு இல்லை. நோயுள்ள கண்ணுக்கு மூச்சை விட்டுத் தூக்குவது உத்தமம். தலைகீழாக நிற்கும் சிரசாசனம் வேறு விஷயம். சங்கர நேத்ராலயாவின் ஆராய்ச்சியாளர்கள் யோகம் பயின்றவர்களை அந்நிலையிலேயே அளந்து, கண்ணழுத்தம் இரு மடங்காவதை 2006 இல் எழுதினார்கள். கிளாக்கோமா உள்ளவர் அந்த ஆசனத்தை விட்டுவிடுவதால் யோக சாஸ்திரத்துக்கு யாதொரு நஷ்டமும் வராது. வெயிலில் வேலை செய்து வந்து ஒரு சொம்பு நீரை ஒரே மூச்சில் குடிப்பதும் சற்று நேரம் கண்ணழுத்தத்தை ஏற்றும். ஆகவே சிறிது சிறிதாகக் குடிக்கலாம். அதற்காகத் தாகத்தோடு இருந்துவிடலாகாது. சித்திரை வெயிலில் வியர்த்து, நீர் வற்றி, மாத்திரையும் போட்டுக்கொண்ட முதியவருக்கு இரத்த அழுத்தம் கிறுகிறுக்கும்படி தாழ்வதும் நரம்புக்கு நல்லதன்று.

நாற்பது வயதைக் கடந்த நம் கிராமத்தாரில் நூற்றுக்கு இருவரளவில் திறந்த கோணக் கிளாக்கோமா உள்ளவர்கள் என்று சென்னை ஆய்வும், அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென்மாவட்டங்களில் நடத்திய ஆய்வும் ஏறத்தாழ ஒருமித்துக் கூறுகின்றன. அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தமக்கு நோயிருப்பதை அறியாதவர்கள். வலியில்லை, சிவப்பில்லை, பார்வை பக்கங்களிலிருந்து சுருங்கி வருவதால், இரு கண்களையும் திறந்திருப்பவருக்குக் கடைசி வரை தெரிவதில்லை. தெரியும் நாளிலும் அதைக் கண்புரை என்றெண்ணி, 'புரை முத்தட்டும், எடுத்துக்கலாம்' என்று காத்திருந்து வருவார்கள். புரை நீக்கினால் பார்வை திரும்பும். நரம்பில் இழந்தது திரும்பாது.

ஆகையால் இவ்விரண்டு மாவட்டங்களின் சுகாதார அதிகாரிகளிடமும், உள்ளாட்சித் தலைவர்களிடமும் ஒரு விண்ணப்பம் வைக்கிறேன். இரத்த அழுத்த மாத்திரை வாங்குகிறவர்களின் பெயரும் முகவரியும் ஒவ்வொரு கிராமத்திலும் பதிவேட்டில் இருக்கின்றன. கிளாக்கோமாவைத் தேட வேண்டிய முதியவர்களும் பெரும்பாலும் அவர்களே. புதிதாக யாரையும் கணக்கெடுக்க வேண்டியதில்லை. அந்தப் பதிவேட்டில் கண் பரிசோதனைக்கென ஒரு கட்டம் கூட்டி, நாற்பதைத் தாண்டிய ஒவ்வொருவரையும் ஒருமுறையேனும் கண்ணழுத்தமும் நரம்பும் சேர்த்துப் பார்க்கும்படி அனுப்பலாம். அரியலூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. பெரம்பலூரில் அரசுத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. ஒரு பேருந்துத் தூரத்தில், 1934 இல் தொடங்கிய ஜோசப் கண் மருத்துவமனை திருச்சியில் இருக்கிறது. அழுத்தத்தை மட்டும் அளந்துவிட்டு நார்மல் என்று அனுப்புகிற முகாம்கள் போதா. கண்மணியை விரித்து நரம்பைப் பார்க்காத பரிசோதனையைப் பரிசோதனை என்று ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அன்பர்களுக்கு நான் வைக்கும் வேண்டுகோள் இதனினும் எளியது. கண் மருத்துவரிடம் போகும்போது பிரஷர் மாத்திரை அட்டைகளையும், பிரஷர் பார்க்கப் போகும்போது கண் சொட்டு மருந்துப் புட்டியையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். தாய்க்கோ தந்தைக்கோ உடன்பிறந்தாருக்கோ இந்நோய் இருந்தால் கேளாமலே சொல்லுங்கள். இரவு மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்.